பிளாட்டை இடிக்காமல் புதுப்பிக்க: செலவுக் கணக்கை நாமே போடுவது எப்படி?

மூன்றாம் மாடி:

வணக்கம். இரண்டு படுக்கையறை, ஹால், சமையலறை, இரண்டு குளியலறை, நடுவில் ஒரு பேசேஜ். இதுதான் எங்கள் பிளாட். சுவர் எதையும் இடிக்கப் போவதில்லை. குழாயோ வயரோ இடம் மாறாது. வீடு முழுக்க பெயிண்ட், ஹாலுக்குப் புதுத் தரை, சமையலறை அலமாரிகளுக்குப் புதுக் கதவு, விளக்குகள், முடிந்தால் குளியலறை டைல்ஸ். இவ்வளவுதான் பட்டியல்.

வந்து பார்த்த காண்ட்ராக்டர்களில் ஒருவர் சொன்ன தொகை இன்னொருவர் சொன்னதைப் போல இரண்டு மடங்கு. ஒருவர்கூட டேப்பை எடுத்து அளக்கவில்லை. ஹாலில் நின்று நாலு பக்கமும் பார்த்தார்கள், ஒரு தொகையைச் சொன்னார்கள், போய்விட்டார்கள். யார் கூட்டிச் சொன்னார், யார் எதை விட்டுவிட்டார் என்று கண்டுபிடிக்க வழியில்லை.

தயவுசெய்து யாரும் விலை சொல்ல வேண்டாம். அது ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். கணக்குப் போடும் முறைதான் எனக்கு வேண்டும்.

அளவுநாடா:

நல்ல கேள்வி. அவர்கள் அளக்காததற்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் கார்ப்பெட் ஏரியாவை, அதாவது சுவர்களுக்கு உள்ளே இருக்கும் தரைப்பரப்பைக் கேட்டு, அதை மூன்றரையால் பெருக்கி, அதுதான் பெயிண்ட் அடிக்கும் பரப்பு என்று மனக்கணக்குப் போடுவார்கள். வீட்டுக்கு வீடு அந்த மூன்றரை மாறும் என்பதுதான் சிக்கல்.

அறையின் நான்கு பக்க நீளத்தையும் கூட்டி உயரத்தால் பெருக்குங்கள். அதோடு சீலிங்கைச் சேருங்கள். கதவு, ஜன்னலைக் கழியுங்கள். 12-க்கு 10 அடி அறை, உயரம் 10 அடி என்றால் சுவர் 440 சதுர அடி, சீலிங் 120. கதவு 21, ஜன்னல் 16 போனால் மீதி 523. தரைப்பரப்பைப் போல நாலேகால் மடங்குக்கும் மேல்.

ஹால் 20-க்கு 14 என்று வையுங்கள். சுவர் 680, சீலிங் 280. இரண்டு கதவும் பால்கனிக் கதவும் சேர்த்து 84 கழித்தால் 876. தரையைப் போல மூன்று மடங்கு சொச்சம்தான். அறை பெரிதானால் விகிதம் இறங்கும்.

இனி உங்கள் பேசேஜ். 12-க்கு 4 என்றால் தரை வெறும் 48 சதுர அடி. யாரும் அதை ஓர் இடமாகவே மதிக்க மாட்டார்கள். ஆனால் சுவரும் சீலிங்கும் சேர்ந்து 368. மூன்று கதவைக் கழித்தாலும் 305 நிற்கும், ஆறு மடங்குக்கு மேல்! சின்னச் சின்ன அறைகளும் நீளமான பேசேஜும் உள்ள வீட்டுக்கு மூன்றரை என்று கணக்குப் போட்டவர் நடுவில் கையைக் கடிக்கும்போது "எக்ஸ்ட்ரா" கேட்பார்.

எனவே முதல் வேலை, அறைவாரியாக ஒரு தாளில் அளவு. ரேட் பேச்சு அப்புறம்.

பழைய மேஸ்திரி:

அளவுநாடா சார் சொன்ன அளவெல்லாம் சரி. கழிக்கிற விஷயத்தில்தான் நான் ஒத்துப்போக மாட்டேன்.

ஜன்னலைக் கழித்துவிட்டீர்கள். ஜன்னலைச் சுற்றி உள்ளே திரும்புகிற நாலு பக்க விளிம்பை யார் அடிப்பது? சட்டத்தில் பெயிண்ட் படாமல் டேப் ஒட்டி, சின்ன பிரஷ்ஷால் ஓரம் பிடிப்பதற்கு ஆகும் நேரத்தில் ரோலரைக் கொண்டு அதைவிடப் பெரிய வெற்றுச் சுவரை முடித்துவிடலாம். அதனால்தான் சின்னத் திறப்புகளைக் கூலி அளவில் கழிப்பதில்லை, கதவென்றால் சுவரின் ஒரு பக்கத்தில் மட்டும் கழிப்பது என்றெல்லாம் தொழிலில் வழக்கம் வைத்திருக்கிறோம். நீங்கள் 37 சதுர அடியைப் பிடிவாதமாகக் கழித்தால் அது ரேட்டில் வேறு வழியாக ஏறிவிடும்.

பெயிண்ட் வாங்கும் கணக்கில் கழியுங்கள், கூலிக் கணக்கில் கழிக்காதீர்கள். எந்த அளவை வைத்துப் பேசுகிறோம் என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதிக்கொண்டால் போதும், சண்டை வராது.

அளவுநாடா:

சரிதான் மேஸ்திரி, ஏற்றுக்கொள்கிறேன். தாளில் இரண்டு பத்தியாகவே போட்டுவிடலாம்: பொருளுக்கான பரப்பு, கூலிக்கான பரப்பு.

தூரிகை:

பெயிண்ட் அளவு பற்றி நான் சொல்கிறேன். இன்டீரியர் எமல்ஷன் ஒரு லிட்டர், வழவழப்பான சுவரில் ஒரு கோட்டுக்குச் சுமார் 100 முதல் 140 சதுர அடி வரை வரும். டப்பாவின் பின்புறத்திலேயே போட்டிருப்பார்கள். அது ஆகச் சிறந்த சுவருக்கான கணக்கு என்பதால் அதில் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். 120 என்று வைத்தால், மேலே சொன்ன 12-க்கு 10 அறையின் சுவர் 403 சதுர அடிக்கு இரண்டு கோட் அடிக்க ஏழு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. சீலிங்குக்கு இரண்டு லிட்டர். சீலிங் பெயிண்ட் வேறு தரம், அதை சுவரோடு சேர்த்துக் கூட்டாதீர்கள்.

ஆனால் பெயிண்டில் தொகை அவ்வளவாக எகிறாது. எகிறுவது பட்டியில், அதாவது சுவரைச் சமன்செய்யப் பூசும் மாவில். பழைய பெயிண்ட் கெட்டியாக ஒட்டியிருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஆணி ஓட்டை, கீறல் இருக்கும் இடத்தில் மட்டும் பட்டி வைத்து, பிரைமர் (பெயிண்ட் பிடிக்க முதலில் அடிக்கும் பூச்சு) தொட்டு, இரண்டு கோட் அடித்தால் முடிந்தது. அது உரிகிறது, அல்லது சுவர் அலை அலையாக இருக்கிறது என்றால் முழுதும் சுரண்டி, இரண்டு முறை பட்டி இழுத்து, தேய்த்து, பிரைமர் அடித்து, அதற்கப்புறம்தான் பெயிண்ட். முழுப் பட்டி என்றால் கிலோவுக்குச் சுமார் 10 முதல் 15 சதுர அடி. அந்த ஒரே அறைக்கு 40 கிலோ மூட்டை ஒன்று போதாமல் போகலாம். ஆள் கூலியோ அதைவிட வேகமாக ஏறும்.

உங்களுக்கு வந்த இரட்டிப்பு வித்தியாசம் அநேகமாக இங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஒருவர் "டச்சப் பட்டி" என்று நினைத்திருப்பார், இன்னொருவர் "முழுப் பட்டி" என்று நினைத்திருப்பார். இருவரும் உங்களிடம் சொன்னது "பெயிண்டிங்" என்ற ஒரே வார்த்தை!

ஒவ்வொரு சுவரிலும் அகலமான டேப் ஒன்றை அழுத்தி ஒட்டி, சடாரென்று இழுத்துப் பாருங்கள். பெயிண்ட் அதோடு வந்தால் அந்தச் சுவர் முழு வேலைக் கணக்கில் போகும், வராவிட்டால் டச்சப் கணக்கு. சுவர்வாரியாக குறித்துவையுங்கள்.

அடர்ந்த நிறத்தின் மேல் வெளிர் நிறம் அடிக்கப்போகிறீர்கள் என்றால் மூன்றாவது கோட் ஒன்றைச் சேருங்கள். பளீர் மஞ்சள், சிவப்பு வகைகள் மறைக்கும் திறன் குறைந்தவை, அவற்றுக்கும் அப்படியே. கலர் கலந்த டப்பாக்களை மொத்தமாக ஒரே தடவை வாங்கி, ஒரு பெரிய வாளியில் ஒன்றாகக் கலக்கிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். பாதிச் சுவரில் டப்பா தீர்ந்து, அடுத்த டப்பா அரை ஷேடு தள்ளி இருந்தால் அந்தச் சுவர் முழுக்க மறுபடியும்.

மூன்றாம் மாடி:

டேப் ஒட்டிப் பார்த்தேன். ஹால், பேசேஜ் நன்றாகவே இருக்கிறது. சின்னப் படுக்கையறையில் குளியலறையை ஒட்டிய சுவர் மட்டும் முழங்கால் உயரத்துக்குக் கொப்புளமாக இருக்கிறது, தொட்டால் வெள்ளையாக மாவு உதிர்கிறது. அதை முழுப் பட்டி கணக்கில் போட்டுவிடலாமா?

பழைய மேஸ்திரி:

வேண்டாம். அந்தச் சுவரைப் பெயிண்ட் பட்டியலில் இருந்தே எடுத்துவிடுங்கள். மாவு மாதிரி உதிர்வது உப்புப் பூத்தது. தண்ணீர் சுவருக்குள் ஏறி, உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவந்து, தான் மட்டும் காய்ந்து போய்விடுகிறது. அதன் மேல் எவ்வளவு உயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் மறுபடி தள்ளிவிடும்.

ஒன்றரை அடிச் சதுரத்தில் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டி ஒருநாள் விடுங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் வியர்த்தால் அறைக் காற்றில்தான் ஈரம். முதலாவது என்றால் குளியலறைப் பக்கம் டைல்ஸ் இடுக்கை நிரப்பும் கிரௌட் போயிருக்கிறதா, குழாய் இணைப்பில் கசிகிறதா, மேல் வீட்டில் இருந்து இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மேல் வீட்டுக் கசிவென்றால் அது உங்கள் செலவுப் பட்டியலிலேயே சேராது, அவர்களோடும் குடியிருப்போர் சங்கத்தோடும் பேச வேண்டிய விஷயம்.

கசிவை அடைத்து, பூச்சைக் கொத்திப் புதிதாகப் பூசினால் காய விட வேண்டும். நல்ல காற்றோட்டம் இருந்தால் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு நாள் என்பது பொதுக்கணக்கு. 15 மில்லிமீட்டர் பூச்சென்றால் இரண்டு வாரம். அதுவரை பெயிண்டர்களைக் காக்க வைக்க முடியாது. அந்த ஒரு சுவருக்காக மட்டும் அவர்கள் திரும்பி வரும் செலவையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மாடிக்காற்று:

எல்லாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. இதெல்லாம் எதற்கு? நல்ல காண்ட்ராக்டர் ஒருவரைப் பிடித்து, பொருளோடு சேர்த்து மொத்தமாகப் பேசி, சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதானே. கிலோக் கணக்கில் பட்டி அளந்துகொண்டிருந்தால் அவனவன் வேலையை யார் பார்ப்பது?

கணக்குச்சுவடி:

மொத்தமாகப் பேசுவது தப்பில்லை. எந்த வேலைகளுக்கு மொத்தம் என்பது தெரியாமல் பேசுவதுதான் தப்பு. கதவுகளின் இரண்டு பக்கமும் உண்டா, அலமாரியின் உள்பக்கம் உண்டா, ஜன்னல் கிரில் உண்டா, குப்பையை அகற்றுவது யார், கடைசியில் தரையைத் துடைத்துக் கொடுப்பது யார்? இதை எழுதாத மொத்தத் தொகைகள் இரண்டை ஒப்பிடவே முடியாது. சின்னத் தொகை சொன்னவர் பாதியை விட்டிருப்பார்.

பிளாட்டுக்கே உரிய சில செலவுகள் உண்டு, தனி வீட்டுக்குக் கணக்குப் போட்டுப் பழகியவர்கள் இதை மறப்பார்கள். சத்தம் வரும் வேலையைக் குறிப்பிட்ட சில மணி நேரம்தான் செய்யலாம் என்று பல சங்கங்களில் விதி இருக்கும். டைல்ஸ் கொத்த நாலு மணி நேரமே அனுமதி என்றால் ஆளுக்கு முழுநாள் கூலி, வேலை அரைநாள். கொத்தும் நாட்களை அப்படியே இரட்டிப்பாக்கிப் போடுங்கள். சங்கத்தில் முன்வைப்புத் தொகை கேட்கலாம், அது திரும்பி வருவது, ஆனாலும் அந்த மாதம் கையில் இருக்க வேண்டும். லிஃப்டில் சிமென்ட் மூட்டை ஏற்ற விடாவிட்டால் மாடி ஏற்றும் கூலி தனி. சாமான்களை ஓர் அறையில் இருந்து இன்னோர் அறைக்கு மாற்றி மூடி வைப்பதற்கும் ஆள் வேண்டும். வீட்டைக் காலி செய்வதாக இருந்தால் வேறு இடத்து வாடகை.

இன்னொன்று, சில்லறை வேலைகள். எலக்ட்ரீஷியன் ஒரு விளக்கு மாட்ட வந்தாலும் ஆறு விளக்கு மாட்ட வந்தாலும் வந்து போகும் கூலி ஒன்றுதான். குழாய், சுவிட்ச் பலகை, கதவுப் பூட்டு என்று ஆங்காங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன வேலைகளை ஆள்வாரியாகச் சேர்த்துக் கட்டுங்கள்.

மாடிக்காற்று:

சரி சரி, ஒத்துக்கொண்டேன். ஆனால் பொருளை நாமே வாங்கிக் கொடுப்பது மட்டும் தலைவலி என்றே சொல்வேன். இடுக்கு அடைக்கும் சிலிக்கான் பசை ஒரு ட்யூப் இல்லை என்று நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், நீங்கள் கடைக்கு ஓட வேண்டும்.

பழைய மேஸ்திரி:

அதில் உங்கள் பக்கம்தான் நான். கண்ணுக்குத் தெரியும் பொருளை, அதாவது டைல்ஸ், விளக்கு, குழாய், பெயிண்ட் நிறம் இவற்றை வீட்டுக்காரர் வாங்கட்டும். டேப், உப்புத்தாள், ரோலர், மூடும் தாள், சிமென்ட், ஒட்டும் பசை எல்லாம் வேலைக்காரர் பொறுப்பு என்று ரேட்டுக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள்.

மூன்றாம் மாடி:

ஹால் தரை 280 சதுர அடி. பழைய டைல்ஸை எடுப்பதா, அதன் மேலேயே ஒட்டுவதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

அளவுநாடா:

முதலில் எத்தனை டைல்ஸ் என்று பார்ப்போம். நேராகப் பதிப்பதானால் சேதாரத்துக்கு 10 சதவீதம், மூலைவாட்டில் பதிப்பதானால் 15. நேராக என்றால் 308 சதுர அடி. இரண்டடிக்கு இரண்டடி (சரியாகச் சொன்னால் 60 சென்டிமீட்டர்) டைல்ஸ் பெட்டிக்கு நாலு வந்தால் 15.5 சதுர அடி. 20 பெட்டி. இதோடு நிறுத்திவிடுவார்கள், சுவரின் அடியோரத்தில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டை நினைவுக்கு வராது. வாசல்களைக் கழித்து 56 ரன்னிங் அடி என்றால், ஒரு டைல்ஸில் நாலு அங்குலப் பட்டை ஐந்து வெட்டலாம், பட்டைக்கு இரண்டடி. ஆறு டைல்ஸ், ஒன்றரைப் பெட்டி. 22 பெட்டி வாங்குங்கள், மீதி இருப்பதை மேல் பரணில் போட்டு வையுங்கள். பின்னால் ஒன்று உடைந்தால் அதே பேட்ச் எங்கும் கிடைக்காது.

இனி எடுப்பதா வேண்டாமா. டைல்ஸும் அடியில் உள்ள கலவையும் சேர்ந்து 5 சென்டிமீட்டர் என்று வைத்தால், 26 சதுர மீட்டருக்கு 1.3 கன மீட்டர் இடிபாடு. எடை இரண்டரை டன்னுக்கு மேல். 25 கிலோ கொள்ளும் சாக்குகளில் கட்டினால் நூற்றுக்கு மேல் சாக்கு! மூன்றாம் மாடியில் இருந்து ஒவ்வொன்றாகத் தோளில் இறங்க வேண்டும், அல்லது லிஃப்ட் தரையில் விரிப்பு போட்டு, சங்கம் சொன்ன நேரத்தில் இறக்க வேண்டும். அப்புறம் வண்டி, கொட்டும் இடத்துக்கு கட்டணம். புது டைல்ஸ் பதிக்கும் கூலியை விட இது அதிகமாகப் போக வாய்ப்பு உண்டு.

மேலேயே ஒட்டினால் இதெல்லாம் மிச்சம். பசையோடு சேர்த்து சதுர மீட்டருக்கு 30 கிலோ அளவுக்குச் சுமை கூடும். குடியிருப்புத் தளங்களை சதுர மீட்டருக்குச் சுமார் 150 முதல் 200 கிலோ புழக்கச் சுமைக்கு (ஆட்கள், சாமான்களின் எடை) வடிவமைப்பது பல நாடுகளின் விதி. ஒரு அடுக்கு கூடுவது பொதுவாகத் தாங்கும். ஆனால் ஏற்கெனவே யாராவது ஒரு முறை மேலே ஒட்டியிருந்தால் பொறியாளரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

தரை ஒன்றரை சென்டிமீட்டர் உயரும். கதவுகளை அடியில் அறுக்க வேண்டும், பால்கனிக் கதவு ஓடும் தண்டவாளம் மறையுமா, வாசல் கதவு இடிக்குமா என்று பாருங்கள். பழைய டைல்ஸ் ஒவ்வொன்றையும் ஒரு நாணயத்தால் தட்டுங்கள். சில இடத்தில் மட்டும் பொள்ளலாகச் சத்தம் வந்தால் அவற்றை மட்டும் எடுத்துக் கலவை நிரப்பிக்கொள்ளலாம். தட்டிய இடமெல்லாம் பொள்ளல் என்றால் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

புதுக்குடி:

இடையில் ஒன்று கேட்கலாமா? பழைய வீடுகளில் கதவு, ஜன்னல் சட்டத்தை எந்திரம் போட்டுத் தேய்க்கலாமா? நாங்கள் குழந்தையோடு குடியேறுகிறோம்.

தூரிகை:

பழைய எண்ணெய் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை, குழந்தைகளுக்கு முக்கியமாக. உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூசி வீடு முழுக்கப் பரவும். முதலில் ஒரு சுரண்டலைச் சோதனைக்குக் கொடுங்கள். ஈயம் இருந்தால் அந்த வேலைக்குத் தனியாகப் பயிற்சி பெற்றவர்கள், தனிச் செலவு. குழந்தையை அந்த நாட்களில் வீட்டுக்குள் விடாதீர்கள்.

மூன்றாம் மாடி சார், சமையலறை பற்றி யாரும் சொல்லவில்லையே. கதவுகளை மட்டும் மாற்றுவதென்றால் முகப்புப் பரப்பை அளந்தால் போதும். ஆனால் முதலில் சிங்க்குக்குக் கீழே உள்ள பெட்டியைத் திறந்து அடிப்பலகையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பிஸ்கட் மாதிரி அமுங்கினால் பெட்டியே ஊறிப்போயிருக்கிறது, புதுக் கதவு மாட்டக் கீல் பிடிக்காது. கைப்பிடி வாங்கும்போது இரண்டு திருகுத் துளைகளுக்கும் நடு இடைவெளியை அளந்து கொண்டுபோங்கள். 96, 128, 160 மில்லிமீட்டர் என்பவை வழக்கமான அளவுகள். அதே அளவில் வாங்கினால் பழைய கதவையே வைத்துக்கொண்டு கைப்பிடி மட்டும் மாற்றிவிடலாம், செலவு பத்தில் ஒரு பங்குகூட வராது. கதவு நல்ல நிலையில் இருந்தால் நான் அதைத்தான் செய்யச் சொல்வேன்.

விளக்கை முதலில் மாற்றிவிட்டு அந்த வெளிச்சத்தில் பெயிண்ட் நிறம் தேர்ந்தெடுங்கள். 3000 கெல்வின் (மஞ்சள் வெளிச்ச) விளக்கில் இதமான சந்தன நிறமாகத் தெரிவது 6500-இன் வெள்ளை வெளிச்சத்தில் சாம்பல் அடித்தது மாதிரி இருக்கும்.

மூன்றாம் மாடி:

எல்லாருக்கும் நன்றி. பட்டியலை மாற்றிவிட்டேன். ஹாலில் பழைய டைல்ஸ் மேலேயே புதுத் தரை. நாணயத்தால் தட்டியதில் பால்கனி ஓரத்தில் மட்டும்தான் பொள்ளல். சமையலறைக்குக் கைப்பிடிகள் மட்டும். குளியலறை டைல்ஸை விட்டுவிட்டேன், பழைய கிரௌட்டைச் சுரண்டிப் புதிதாக நிரப்பி, ஓரங்களில் சிலிக்கான் புதுப்பித்தால் கசிவும் நிற்குமா என்று பார்க்கலாம். ஓதம் (ஈரம்) ஏறிய சுவர் பட்டியலில் தனி வரி.

மொத்தத்தின் மேல் எதிர்பாராத செலவுக்கு 10 சதவீதம் போட்டால் போதுமா?

கணக்குச்சுவடி:

மொத்தத்தின் மேல் போடாதீர்கள், வரிவரியாகப் போடுங்கள். கண்ணுக்கு முழுதும் தெரியும் வேலை, அதாவது ஹால் பெயிண்ட், விளக்கு, கைப்பிடி, இவற்றுக்கு 5 சதவீதம் தாராளம். ஏதாவது ஒன்றைப் பெயர்த்துப் பார்த்தால்தான் தெரியும் என்ற வேலைக்கு, அதாவது ஓதச் சுவர், பொள்ளல் டைல்ஸ், குளியலறை, இவற்றுக்கு 25 போடுங்கள். மொத்தத்தில் அதே 10 சதவீதமாகவே வந்து நிற்கலாம். ஆனால் பெயிண்ட் வேலையில் யாராவது எதிர்பாராதது என்று காசு கேட்டால் ஏன் என்று கேட்க உங்களுக்குக் காரணம் இருக்கும்.

மூன்றாம் மாடி:

ஒரே தாளை எல்லாருக்கும் கொடுத்து, ரேட் பத்தியை மட்டும் வெற்றாக விட்டுக் கேட்டேன். மலிவாகச் சொன்னவர் நிரப்ப மறுக்கிறார், "மொத்தத் தொகைதான், வரிக்கு வரி சொல்ல மாட்டேன்" என்கிறார். வேலை சுத்தம் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள், விடவும் மனமில்லை.

பழைய மேஸ்திரி:

விட வேண்டாம் தம்பி. மொத்தத் தொகையை ஒத்துக்கொள்ளுங்கள், தாளில் உள்ள வேலைகள் எல்லாம் அதில் அடக்கம் என்று கையெழுத்து வாங்குங்கள். ரேட் இரண்டே இரண்டுக்குக் கேளுங்கள்: கூடுதலாக ஒரு சதுர அடி முழுப் பட்டி வந்தால் எவ்வளவு, கூடுதலாக ஒரு ஆள் நாள் வந்தால் எவ்வளவு. பின்னால் தகராறு வருவது பெரும்பாலும் இந்த இரண்டில்தான். முன்பணம் பொருள் வாங்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. அப்புறம் பட்டி முடிந்தால் ஒரு பங்கு, முதல் கோட் முடிந்தால் ஒரு பங்கு. கடைசிப் பங்கைப் பகல் வெளிச்சத்தில் சுவரைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். தரை பதித்து முடிந்த பிறகே கடைசிக் கோட் என்பதையும் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்கர்ட்டிங் ஒட்டும்போது சுவரெல்லாம் கறை.

மூன்றாம் மாடி:

அப்படியே செய்கிறேன் மேஸ்திரி. கடைசியாக ஒன்று, ஜன்னல் கிரில்லை எப்படி அளப்பது? கம்பி கம்பியாகவா?

பழைய மேஸ்திரி:

கம்பியை எண்ணினால் விடிந்துவிடும். சட்டத்தின் அகலத்தை உயரத்தால் பெருக்குங்கள், நடுவில் உள்ள வெற்றிடத்தைக் கழிக்க வேண்டாம், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே தடவை. நாலுக்கு நாலு ஜன்னல் என்றால் 16 சதுர அடி, அவ்வளவுதான். இரண்டு பக்கம் என்று 32 போட்டால் வெட்டிவிடுங்கள். துரு இருந்தால் மட்டும் சுரண்டித் துரு தடுப்பு பிரைமர் தொடுவதற்குத் தனி ரேட் கேட்பார்கள், அது நியாயம்.